பதக்கத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள்: மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் சிப்பாயைத் தேடும் வழி

கேள்வி: என் எள்ளுத் தாத்தா அயர்லாந்திலிருந்து வந்த சிப்பாய். அவருடைய வெள்ளிப் பதக்கம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறுபக்கம் ‘இந்தியா 1857–1858’. ரிப்பனில் ‘டிஃபென்ஸ் ஆஃப் லக்னோ’ என்று ஒரு பட்டை. விளிம்பில் அவர் பெயரும் ‘முதலாம் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்’ என்பதும் மட்டுமே இருக்கின்றன. எண் எதுவும் இல்லை, தேய்ந்துபோயிருக்கலாம். 1869-இல் சென்னையில் நடந்த அவரது திருமணப் பதிவில் தொழில் ‘மெட்ராஸ் ரயில்வே கார்டு’. அவர் கேப்டனாக இருந்தவர் என்று பாட்டி சொல்லுவார். லண்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் பணிப்பதிவுகளைத் தேடினால் அதே பெயரில் ஏகப்பட்ட சிப்பாய்கள் வருகிறார்கள். ஒருவர்கூட மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் இல்லை. ஆவணம் அழிந்துவிட்டதா? எங்கே தேடுவது?
— வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆவணம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் தேடிய பெட்டியில் அவர் இருக்க வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். பிரிட்டிஷ் ராணுவ ஆவணங்கள் ஆள் பெயரால் அடுக்கப்பட்டவை அல்ல. பெரும்பகுதி ரெஜிமென்ட் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் கட்டப்பட்டவை. ஆகவே பெயரைத் தட்டித் தேடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். எந்த ஆண்டில் எந்தப் பட்டாளம், அந்தப் பட்டாளத்தின் முதலாளி அந்த ஆண்டில் யார் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்களிடம் இருக்கும் பதக்கமே அதைச் சொல்லிவிடுகிறது.

முதலில் ஒரு வேண்டுகோள். பதக்கத்துக்குப் பாலிஷ் போடாதீர்கள். வெள்ளியைத் தேய்க்கத் தேய்க்க விளிம்பு எழுத்துதான் முதலில் மழுங்கும். ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, சுற்றிலும் ஏழெட்டுப் படங்களாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் தேய்ந்துபோகவில்லை. 1857–58 பதக்கங்களில் சாதாரண சிப்பாய்க்குப் பெயரும் ரெஜிமென்ட்டும் மட்டுமே பொறிப்பது வழக்கம். அதே காலத்துப் பிற பதக்கங்களில் எண் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பெயருக்கு முன்னால் பதவி இல்லாததும் ஒரு தகவல்தான். அதிகாரிகளின் பதக்கத்தில் பொதுவாக ‘லெஃப்டினன்ட்’, ‘கேப்டன்’ என்று பதவியும் சேர்ந்து வரும். ‘டிஃபென்ஸ் ஆஃப் லக்னோ’ (லக்னோ பாதுகாப்பு) பட்டை, 1857 கிளர்ச்சியின்போது லக்னோ முற்றுகையில் சிக்கியிருந்த பிரிட்டிஷ் காவல்படைக்கும், 1857 செப்டம்பரில் தளபதி ஹேவ்லாக் தலைமையில் உள்ளே நுழைந்த முதல் மீட்புப் படைக்கும் வழங்கப்பட்டது. மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் இரண்டாவது வகை. எனவே உங்கள் எள்ளுத் தாத்தா 1857 செப்டம்பருக்கு முன்பே இந்தியா வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். 1857-இல் முதலாம் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் பிரிட்டிஷ் ராணுவத்தின் ரெஜிமென்ட்டே அல்ல. அது கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் பட்டாளம். 1858-இல் ஆட்சி அரசிக்குக் கைமாறியது. 1860களின் தொடக்கத்தில் கம்பெனியின் ஐரோப்பியப் பட்டாளங்கள் பிரிட்டிஷ் ராணுவத்தோடு இணைக்கப்பட்டன. அப்போது இதற்கு 102-ஆம் ரெஜிமென்ட், ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்று பெயரானது. 1881 சீர்திருத்தத்தில் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாக மாறியது, 1922-இல் கலைக்கப்பட்டது. இதே போல இரண்டாவது மெட்ராஸ் ஐரோப்பியப் பட்டாளம் 105-ஆம் ரெஜிமென்ட்டாகவும், மூன்றாவது 108-ஆம் ரெஜிமென்ட்டாகவும் ஆயின. மெட்ராஸ் பீரங்கிப் படையின் ஐரோப்பியர்கள் ராயல் ஆர்ட்டிலரிக்குள் போனார்கள்.

இதனால் ஒரே ஆளின் பணிக்காலம் லண்டனில் இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடக்கிறது. கம்பெனிக் காலத்துக்கு செயின்ட் பேங்க்ராஸில் உள்ள பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். அதன் பிறகு க்யூவில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸ். க்யூவின் தேடுபெட்டியில் ‘மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்’ என்று போட்டு ஒன்றும் கிடைக்காமல் சோர்ந்துபோகிறவர்கள் பலர். அங்கே போட வேண்டியது ‘102’.

நீங்கள் பார்த்த பணிப்பதிவு வரிசை டபிள்யூ.ஓ. 97 (டபிள்யூ.ஓ. என்பது ‘வார் ஆபீஸ்’, அதாவது பிரிட்டிஷ் போர்த் துறை). செல்சீ ராயல் ஆஸ்பிட்டலின் பென்ஷன் நிர்வாகத்தில் சேர்ந்த சிப்பாய்களின் தாள்கள், 1760 முதல் 1913 வரை. இதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். 1883-க்கு முன் அந்த வரிசையில் இருப்பவர்கள் அநேகமாக பென்ஷனோடு விலகியவர்கள் மட்டுமே. பணியில் இருக்கும்போதே இறந்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி விடுதலை வாங்கியவர், ஒப்பந்தக் காலம் முடிந்து பென்ஷன் இல்லாமல் போனவர் ஆகியோரின் தாள்களை அங்கே எதிர்பார்க்க முடியாது. 1883 முதல் ஒப்பந்தம் முடித்தவர்களும் பணம் கட்டி விலகியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அடுக்கும் முறையும் முழுக்கப் பெயர் அகர வரிசைக்கு மாறியது. உங்கள் எள்ளுத் தாத்தா 1869-க்குள் ரயில்வேயில் இருக்கிறார். பென்ஷனுக்கு வேண்டிய முழுச் சேவையையும் அவர் முடித்திருந்தாரா என்பதே சந்தேகம். முடிக்கவில்லை என்றால் டபிள்யூ.ஓ. 97-இல் அவர் இல்லாதது இயல்பு. மேலும் அந்தத் தளத்தின் அட்டவணையில் ஆள்வாரியாகப் பெயர், பிறந்த ஊர், ரெஜிமென்ட் எல்லாம் விரிவாகப் பதிந்திருப்பது 1854 வரையிலான பகுதிக்குத்தான். உங்களுக்கு வந்த அந்த நீண்ட பட்டியலில் பெரும்பாலோர் அந்தக் காலத்துக்காரர்களாகவே இருப்பார்கள்.

தேடலைப் பின்னிருந்து முன்னோக்கி நடத்துங்கள். கையில் உறுதியாக இருக்கும் கடைசிப் பிடி 1869 திருமணம். அந்தப் பதிவின் முழுப் படத்தைப் பெறுங்கள். தட்டச்சு செய்த சுருக்கம் போதாது. மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை. (வங்காளம் என்/1, பம்பாய் என்/3.) ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படங்களாகப் பார்க்கலாம், கட்டணம் உண்டு. ஃபேமிலிசர்ச் தளத்திலும், ஃபிபிஸ் எனப்படும் ‘பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்க’த் தளத்திலும் குறிப்புகளை இலவசமாகவே தேடலாம். முதலில் இலவசத் தளங்களில் தேடி, ஆளை அடையாளம் கண்ட பிறகு படத்துக்குப் பணம் கட்டுங்கள்.

திருமணப் பதிவில் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: அவர் சொன்ன வயது, தகப்பனார் பெயர், அவர் கையெழுத்துப் போட்டாரா அல்லது குறி வைத்தாரா. அதோடு, ‘மனைவியை இழந்தவர்’ என்று இருந்தால் பட்டாளத்தில் இருந்த காலத்தில் முதல் திருமணம் ஒன்று இருந்திருக்கிறது. அதையும் என்/2-வில் தேட வேண்டும். அவர் கத்தோலிக்கராக இருந்தால் லண்டனுக்குப் போன பிரதிகள் முழுமையாக இல்லை. உள்ளூர்ப் பங்குக் கோவிலின் மூலப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். சென்னையிலேயே இருக்கும் உங்களுக்கு இது பெரிய வசதி, லண்டனில் இருப்பவர்களுக்குக் கிடைக்காதது. பிள்ளைகள் எல்லோருடைய ஞானஸ்நானத்தையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் அன்றைய தொழிலும் ஊரும் இருக்கும். ரயில்வேக் காலத்துக்கு மெட்ராஸில் ஆண்டுதோறும் அச்சான அல்மனாக்குகளில் (ஆண்டுத் தகவல் நூல்கள்) ஐரோப்பியர் பெயர்ப்பட்டியல் உண்டு. அவர் பெயர் முதலில் தோன்றும் ஆண்டைக் குறித்துக்கொண்டால் பட்டாளத்தை விட்ட காலம் இன்னும் சுருங்கும்.

அடுத்து 1859 முதல் 1869 வரையிலான பத்தாண்டு. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. தங்களைக் கேட்காமல், புதிய சேர்ப்புப் பணமும் தராமல், மாட்டைக் கைமாற்றுவது போல அரசியின் ராணுவத்துக்கு எப்படி மாற்றலாம் என்று கம்பெனிச் சிப்பாய்கள் 1859-இல் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். கடைசியில், விரும்பாதவர்கள் விலகலாம் என்று அரசு இறங்கி வந்தது; ஏறத்தாழ 10,000 பேர் விலகினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள்; கணிசமானோர் ஊர் போய்ச் சேர்ந்ததும் வேறு ரெஜிமென்ட்டில் திரும்பச் சேர்ந்தார்கள். உங்கள் எள்ளுத் தாத்தா அப்போது விலகினாரா, 102-இல் தொடர்ந்தாரா என்பதுதான் நீங்கள் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி.

அதைத் தீர்ப்பது மஸ்டர் புத்தகம், அதாவது பட்டாளத்தின் ஆள் கணக்குப் புத்தகம். க்யூவில் டபிள்யூ.ஓ. 12 வரிசை, காலாட்படை, குதிரைப்படை ரெஜிமென்ட்களின் சம்பளப் பட்டியல்கள், 1878 வரை. அதற்குப் பிறகு 1898 வரை டபிள்யூ.ஓ. 16. பீரங்கிப் படைக்குத் தனியாக டபிள்யூ.ஓ. 10. இவற்றில் பெயர் அட்டவணை கிடையாது. ரெஜிமென்ட்டையும் ஆண்டையும் சொல்லித்தான் புத்தகத்தை எடுக்க முடியும். 102-ஆம் ரெஜிமென்ட்டின் முதல் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதில் பெயர் இல்லாவிட்டால் அவர் மாறி வரவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெயர் இருந்தால் ஒவ்வொரு ஆண்டாக முன்னேறி அவர் பெயர் மறையும் புத்தகம் வரை போங்கள்.

மஸ்டர் பக்கம் பார்க்க எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல். முதலில் சார்ஜென்ட்கள், பிறகு கார்ப்பரல்கள், டிரம்மர்கள், அதன் பிறகு சிப்பாய்கள். இடது ஓரத்தில் ரெஜிமென்ட் எண், அடுத்துப் பெயர், பிறகு மாதத்துக்கு ஒரு கட்டமாக மூன்று கட்டங்கள், சம்பளம் கிடைத்த நாட்கள், கடைசியில் குறிப்பு. மருத்துவமனை, காவல் அறை, வேறு ஊரில் அலுவல் எல்லாம் சுருக்கெழுத்தில் வரும். ஒருவர் விலகிய அல்லது இறந்த காலாண்டில் பட்டியலின் இறுதியில் ‘இனி கணக்கில் இல்லாதவர்கள்’ என்ற படிவம் இருக்கும். பிறந்த ஊர், முந்தைய தொழில், சேர்ந்த தேதி ஆகியவை அதில் பதிவாகும். பணிப்பதிவுத் தாளே இல்லாத ஒருவருக்கு பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் பிறப்பிடத்துக்கான சான்று. ஆகவே புகைப்படம் எடுப்பவரிடம் அவர் பெயருள்ள பக்கத்தை மட்டும் அல்ல, கடைசிக் காலாண்டின் இறுதிப் படிவத்தையும் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். இதை விட்டுவிட்டு இரண்டாம் முறை பணம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. புத்தகங்கள் பொதுவாக ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்காண்டுப்படி கட்டப்பட்டவை என்பதால், 1866 பிப்ரவரியைத் தேடினால் 1865–66 புத்தகத்தைக் கேட்க வேண்டும்.

ரெஜிமென்ட் எண் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அந்த ரெஜிமென்ட்டுக்குள் மட்டுமே செல்லும். வேறு ரெஜிமென்ட்டுக்குப் போனால் புது எண். ராணுவம் முழுமைக்கும் ஒரே எண் வரிசை 1920-இல்தான் வந்தது. எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு ரெஜிமென்ட்காரரைச் சேர்த்துவிடாதீர்கள்; எண் வேறாக இருக்கிறது என்பதற்காகச் சரியான ஆளைத் தள்ளியும் விடாதீர்கள்.

கம்பெனிக் காலத்துக்கு பிரிட்டிஷ் லைப்ரரியில் இரண்டு வரிசைகள் போதும். எல்/மில்/9-இல் ஆள் சேர்ப்பு, கப்பலேற்றப் பட்டியல்கள். கம்பெனிக்குச் சேர்ந்தவர்களை 1840களிலிருந்து எசெக்ஸில் உள்ள வார்லி டிப்போவில் வைத்துத்தான் அனுப்பினார்கள். எல்/மில்/11 மெட்ராஸ் ராணுவத்துக்கானது: ஐரோப்பியச் சிப்பாய்களின் பதிவேடுகள், ஆண்டு மஸ்டர்கள், இறப்பு–விலகல் அறிக்கைகள். பெயர், பிறந்த மாவட்டம், தொழில், வயது, வந்த கப்பல், வந்த ஆண்டு என்ற அளவில் எதிர்பார்க்கலாம். பதக்கம் பெற்ற கம்பெனிப் படையினரின் பட்டியலும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில்தான். அரசியின் ரெஜிமென்ட்களுக்கு மட்டுமே க்யூவின் டபிள்யூ.ஓ. 100. பிரிட்டிஷ் லைப்ரரியின் கணினி அமைப்புகள் 2023 அக்டோபர் சைபர் தாக்குதலில் முடங்கின. மீட்பு படிப்படியாகத்தான் நடந்தது. யாரையாவது அனுப்பும் முன் வேண்டிய தொகுதி கிடைக்குமா என்று மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

102-இல் தொடர்ந்து, உடல்நலக் குறைவால் பென்ஷனோடு விலகியிருந்தால் மட்டும் டபிள்யூ.ஓ. 97 உதவும். அப்படி ஒரு தாள் கிடைத்தால் அது பெரிய செல்வம். உயரம், கண், முடி, தோல் நிறம், உடலில் உள்ள அடையாளங்கள், பிறந்த பங்கு, பக்கத்து ஊர், மாவட்டம், பதவி உயர்வு, பதவி இறக்கம், எந்த நாட்டில் எத்தனை ஆண்டு, நன்னடத்தைப் பட்டைகள், தண்டனைப் புத்தகத்தில் எத்தனை முறை பெயர் ஏறியது, விலகக் காரணமான நோய். கடைசியில் ‘வசிக்க எண்ணும் இடம்’ என்று ஒரு வரி. அங்கே ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தால் ஆள் அடையாளம் ஏறக்குறைய உறுதி.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். பட்டாளத்தின் ஒரே பிரிவில் ஒரே பெயரில் இருவர் இருப்பது சகஜம். வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், புனைபெயரில் சேர்வார்கள், எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதிவைப்பார். ஆகவே பெயரையும் ரெஜிமென்ட்டையும் தாண்டி, தனித்தனி ஆவணங்களிலிருந்து இரண்டு விஷயங்களாவது பொருந்தும் வரை ‘கிடைத்துவிட்டார்’ என்று குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். வயது ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாக இருப்பது தடையல்ல. விலகல் தாளில் கையெழுத்து இருந்து, 1869 பதிவிலும் கையெழுத்து இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஒன்றில் தெளிவான கையெழுத்தும் மற்றதில் வெறும் குறியும் இருந்தால் நிதானியுங்கள்: பட்டாளப் பள்ளியில் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு, கற்றதை மறந்தவர்கள் அரிது.

கேப்டன் விஷயத்தைச் சுலபமாகத் தீர்க்கலாம். அதிகாரிகளின் பெயர்கள் ஆண்டுதோறும் அச்சாயின. அரசியின் ராணுவத்துக்கு ஆர்மி லிஸ்ட், கம்பெனிக்கு ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர். ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி தளத்தில் ஆர்மி லிஸ்ட்கள் பல இலவசமாக உள்ளன. அதில் இல்லாதவர் அதிகாரி அல்ல. பதக்க விளிம்பை வைத்துப் பார்த்தாலும் அவர் சாதாரணச் சிப்பாய்தான். பாட்டி பொய் சொன்னார் என்று ஆகாது. ரயில்வே காலனியில் முன்னாள் சிப்பாய்க்குக் கிடைத்த மரியாதைப் பெயர் இரண்டு தலைமுறையில் பதவியாகிவிடுவது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1857-இல் இந்தப் பட்டாளத்தை நடத்திப் போனவர் ஜேம்ஸ் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமில்லாமல் அவர் நடத்திய தூக்குத் தண்டனைகள் ஆங்கிலேயர்களின் எழுத்துகளிலேயே பதிவாகியிருக்கின்றன. 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் அவர் கொல்லப்பட்டார். மவுன்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை எடுக்கச் சொல்லி 1927-இல் சென்னையில் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல்தான் அது அங்கிருந்து அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. உங்கள் எள்ளுத் தாத்தா எந்த நாளில் எங்கே நின்றார் என்பதை மஸ்டர் சொல்லும்; என்ன செய்தார் என்பதைச் சொல்லாது. குடும்ப வரலாறு எழுதும்போது இரண்டையும் கலக்காமல், ரெஜிமென்ட் செய்ததை மறைக்காமலும், அவர் தலையில் சான்றில்லாமல் ஏற்றாமலும் எழுதுங்கள். வம்சாவளியில் வருபவர்களுக்கு அதுதான் நேர்மையான கொடை.

பிறந்த ஊர் கிடைத்துவிட்டால் அயர்லாந்துக்குப் போகலாம். அங்கே 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 19-ஆம் நூற்றாண்டு முற்பாதியின் மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் அநேகமாக எல்லாம் போயின. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் தப்பின. 1880 வரையிலானவற்றை அயர்லாந்து நேஷனல் லைப்ரரி இலவசமாகப் படங்களாக வைத்திருக்கிறது. பங்கின் பெயர் தெரியாமல் அதில் இறங்கினால் கரையேற முடியாது. தகப்பனார் பெயரும் பங்கும் இரண்டும் வேண்டும்.

வேறு காலத்து மூதாதையரைத் தேடும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் தாள்கள் 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கில் குண்டு விழுந்து பாதிக்கு மேல் எரிந்தன. எஞ்சியவை டபிள்யூ.ஓ. 363, பென்ஷன் வழியாகத் தப்பியவை டபிள்யூ.ஓ. 364, இரண்டிலும் இல்லாதவருக்குப் பதக்க அட்டைகள், டபிள்யூ.ஓ. 372. 1911 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளங்களும் பெயரோடு எண்ணப்பட்டிருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் இந்த வரிசைகள் எதிலும் இல்லை.

செலவைப் பொறுத்தவரை, இரண்டு இடங்களிலும் வாசிப்பறையில் அமர்ந்து பார்ப்பது இலவசம். க்யூவில் சொந்தக் கேமராவில் படம் எடுக்கவும் கட்டணம் இல்லை. லண்டனில் உறவினர் இருந்தால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொண்டுபோய் வாசகர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் மணிக்கணக்கில் பணம் வாங்கும் ஆய்வாளரை அமர்த்த வேண்டியிருக்கும். அவருக்கு ‘என் எள்ளுத் தாத்தாவைத் தேடுங்கள்’ என்று எழுதாதீர்கள். ‘102-ஆம் ரெஜிமென்ட், டபிள்யூ.ஓ. 12, இணைப்புக்குப் பிந்தைய முதல் புத்தகத்தில் தொடங்கி 1869 வரை. இந்தப் பெயர், இந்த எழுத்து வேறுபாடுகள். கடைசிக் காலாண்டின் இறுதிப் படிவம் அவசியம்’ என்று எழுதுங்கள். அதற்கு முன் திருமணப் பதிவின் படமும் எல்லா ஞானஸ்நானப் பதிவுகளும் கையில் இருக்கட்டும். அவர் ரயில்வேக்கு வந்த ஆண்டு சுருங்கச் சுருங்க, புரட்ட வேண்டிய புத்தகங்களும் கட்ட வேண்டிய பவுண்டும் குறையும்.